தாமரைத் தொட்டிக்கு நீளக் கை... பழைய பேட்மின்டன் மட்டையும் பிவிசி பைப்பும் போதும்!

வீட்டில் தாமரைத் தொட்டியோ, சின்னதாக ஓர் அல்லிக் குளமோ வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி. கடைசியாக எப்போது அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டீர்கள்?

'ஒரு மாசம் இருக்கும்' என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ரோஜாவுக்கும் கத்தரிக்கும் தினமும் தண்ணீர் ஊற்றப் போகிறோம். போகிற போக்கில் ஒரு பழுத்த இலையைக் கிள்ளுகிறோம், ஒரு களையைப் பிடுங்குகிறோம். நீர்ச்செடிக்கு அந்த அன்றாடக் கவனிப்பு கிடைப்பதில்லை. குனிய வேண்டும், முழங்கை வரை நனைய வேண்டும். அடியில் சேறு, சுற்றிலும் வழவழப்பு, உள்ளே என்ன இருக்கிறதோ என்ற தயக்கம் வேறு. மூட்டு வலிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் நடப்பது எல்லா வீட்டுக்கும் பொதுவான கதைதான். பழுத்த இலைகள் அழுகும். தண்ணீர் கறுக்கும். பாசி ஏறும். ஒருநாள் மாலை யாரையாவது கொசு கடிக்கும். 'எல்லாம் அந்தத் தொட்டியாலதான், எடுத்துக் கொட்டு!' என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். ஆசையாக வளர்த்த தாமரை குப்பைக்குப் போகும்.

அந்தக் குரலையும் குறை சொல்ல முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கி நிற்கும் ஓரளவு தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடித்த இடம். நம் ஊர் வெயிலில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் தொட்டியை வாரம் ஒரு முறை ஒழுங்காகக் கவனித்தாக வேண்டும். அதைச் செய்ய முடியாத வீட்டில் நீர்த்தொட்டி வைப்பது நமக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து.

வாரம் ஒரு முறை கவனிக்க வேண்டுமென்றால் வேலை சுலபமாக இருக்க வேண்டும். நின்றபடியே, கை நனையாமல், கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். அதற்குத் தேவை நீளமான கைப்பிடியுள்ள சில கருவிகள். பெரும்பாலானவற்றை வீட்டுப் பரணிலும் சமையலறை மூலையிலும் கிடக்கும் பொருள்களை வைத்தே செய்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு செய்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் கைப்பிடி

எல்லாக் கருவிக்கும் உயிர் அதன் கைப்பிடிதான். வயரிங் வேலைக்குப் பயன்படுத்தும் பிவிசி பைப், எடை குறைவு, துருப்பிடிக்காது. முக்கால் இன்ச் பைப் கைக்கு அடக்கமாக இருக்கும். தொட்டிக்கு மூன்றடி நீளம் போதும். தரையில் வெட்டிய குளம் என்றால் ஐந்தடி வேண்டும். ஆக்ஸா பிளேடால் அறுத்த பிறகு முனையை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிசிறு இருந்தால் கையையும் கிழிக்கும், இலையையும் கிழிக்கும்.

பைப்பின் இரண்டு முனையிலும் எண்ட் கேப் போட்டு ஒட்டிவிட்டால் உள்ளே காற்று அடைபட்டுக்கொள்ளும். கை தவறிக் குளத்தில் விழுந்தாலும் வெறும் கைப்பிடி மிதக்கும். நுனியில் கனமான பொருளைக் கட்டியிருந்தால் மட்டும் முழுகும். அதற்குக் கைப்பிடியில் ஒரு கயிற்று வளையம் போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

மூங்கில் கழி, மாப் குச்சி, ஒட்டடைக்குச்சியின் கழி ஆகியவையும் உதவும். ஆனால், மாடிக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிற வீடுகளில் அலுமினியக் கழியைத் தொடவே வேண்டாம். நீளமான உலோகக் கம்பியை மாடியில் தூக்கித் திருப்புவது உயிரோடு விளையாடுகிற வேலை.

கட்டுவதற்குப் பழைய சைக்கிள் ட்யூபைப் போன்ற பொருள் கிடையாது. அரை அங்குல அகலத்துக்கு நாடாவாக நறுக்கி, இழுத்து இழுத்துச் சுற்றினால் தண்ணீரிலும் நழுவாது. கேபிள் டையும் நல்லதுதான். மீன் இருக்கும் தொட்டிக்குள் செம்புக் கம்பியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். செம்பு மீனுக்கு நஞ்சு.

1. வெள்ளை அகப்பை: கொசுப்புழு சோதனைக்கு

முதல் கருவி, பார்ப்பதற்கானது. வெள்ளை நிற ஐஸ்க்ரீம் டப்பா அல்லது பழைய வெள்ளை பிளாஸ்டிக் மக் ஒன்றைக் கைப்பிடியின் நுனியில் அகப்பை மாதிரி கட்டுங்கள். வெள்ளையாக இருப்பது முக்கியம். கறுத்த தொட்டித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கொசுப்புழு, வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று தெரியும். கொசுப்புழு ஆய்வுக்கு வரும் சுகாதாரப் பணியாளர்கள் வெள்ளை அகப்பை வைத்திருப்பதும் இதனால்தான்.

தொட்டியின் ஓரத்தில், இலைகளுக்கு நடுவில், நிழல் விழும் பக்கத்தில் என்று நாலைந்து இடத்தில் மெதுவாக மொள்ளுங்கள். கலக்கினால் புழு கீழே ஓடிவிடும். துள்ளித் துள்ளி நீந்தும் சின்னப் புழு தெரிந்தால், மொண்ட தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். மீன் இல்லாத தொட்டியென்றால் நாலைந்து கப்பி மீன்களை விடுவதுதான் நிரந்தர வழி. கப்பி, கொசுப்புழுவை விரும்பித் தின்னும். ஆனால் அது வேகமாகப் பெருகும். அதிகமாகிவிட்டது என்று ஏரியிலோ ஆற்றிலோ கொண்டு போய் விடாதீர்கள், அங்கிருக்கும் நம் ஊர் மீன்களுக்கு அது தொல்லை.

வீட்டில் எட்டு, பத்து வயதில் பிள்ளைகள் இருந்தால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, இந்த வேலையை அவர்களிடமே கொடுக்கலாம். சலிக்காமல் செய்வார்கள்.

2. பேட்மின்டன் வலை

நரம்பு அறுந்த பேட்மின்டன் மட்டை பரணில் கிடக்கிறதா? மிச்சமிருக்கும் நரம்புகளை வெட்டி எடுங்கள். ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையை வட்டத்தைவிட நான்கு விரல்கடை பெரிதாக வெட்டி, சற்றுக் குழிவாகத் தொங்கும்படி சட்டத்தில் வைத்துத் தைத்துவிடுங்கள். நரம்பு போன துளைகள் ஏற்கெனவே இருப்பதால் ஊசி சுலபமாக நுழையும். மீன்பிடி நரம்பு இருந்தால் அதையே நூலாகப் பயன்படுத்தலாம். கைப்பிடி நீளம் போதாவிட்டால் பைப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

உதிர்ந்த இலை, பூ இதழ், மிதக்கும் தூசி, அளவுக்கு மீறிப் பெருகிய அசோலா எல்லாவற்றையும் அள்ளிவிடும். மட்டையின் சட்டம் தட்டையாக இருப்பதால் இலைகளுக்கு அடியில் நுழைத்து எடுக்கவும் வசதி. அடியில் கிடக்கும் கனமான அழுகல் இலைகளுக்கு மட்டும் வலை தாங்காது. அதற்கு ஓட்டை விழுந்து ஒதுக்கிய ஜல்லிக்கரண்டியை வளைத்துக் கழியில் கட்டுங்கள். பஜ்ஜி எடுத்த கரண்டி, குப்பை எடுக்கும். தண்ணீர் வடிந்து குப்பை மட்டும் மேலே வரும்.

3. விளிம்பு தேய்ப்பான்

பலரும் கவனிக்காத இடம், தொட்டியின் உள்விளிம்பு. ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதைவிட, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் சுவரில் ஒட்டி வைப்பதுதான் அதிகம். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. தண்ணீர் மட்டம் உயர்ந்து நனைந்ததும் பொரியும். கோடையில் வறண்டு கிடந்த தொட்டியில் முதல் மழைக்கே புழு நெளிவதற்கு இதுதான் காரணம்.

ஒரு கைப்பிடி தேங்காய் நாரை உருட்டி, கழியின் நுனியில் குறுக்காக, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி கட்டுங்கள். வெயிலில் தண்ணீர் இரண்டு விரல்கடை வற்றியிருக்கும் நேரம் பார்த்து, புதிதாகத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பு, விளிம்பைச் சுற்றி அழுத்தித் தேய்த்துவிடுங்கள். தேய்த்து விழுவதை மீன்கள் பார்த்துக்கொள்ளும். சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம், மீனும் போகும், செடியும் போகும்.

4. பாசி சுருட்டி

பச்சை நிறத்தில் தலைமுடி மாதிரி இழை இழையாக வளரும் பாசியை வலையால் அள்ள முடியாது. வழுக்கிக்கொண்டு போகும். அதைச் சுருட்டித்தான் எடுக்க வேண்டும்.

மூன்றடி மூங்கில் குச்சியின் நுனியில் ஐந்தாறு கேபிள் டைகளை ஒரு அங்குல இடைவெளி விட்டு இறுக்குங்கள். வாலை இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி திருப்பிவிடுங்கள். இப்போது குச்சியைப் பாசிக்குள் விட்டு, ஒரே பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். முள்கரண்டியில் நூடுல்ஸ் சுற்றுவது போலத் திரண்டு வரும். அல்லித் தண்டுகளுக்கு நடுவே சுற்றும்போது வேகம் வேண்டாம், இளம் மொட்டும் சேர்ந்து வந்துவிடும்.

எடுத்த பாசியை உடனே உரக்குழியில் போடாமல் தொட்டியின் ஓரத்தில் பத்து நிமிடம் வையுங்கள். அதில் மாட்டிய மீன் குஞ்சுகள் துள்ளினால் எடுத்துத் திரும்ப விடலாம்.

5. நீளக் கதிர் அரிவாள்

நெல் அறுக்கும் கருக்கரிவாளின் பல்லுள்ள விளிம்பு, வழுக்கும் தண்டையும் பிடித்து அறுக்கும். சிறிய கருக்கரிவாள் ஒன்றை அதன் மரப்பிடியோடு சேர்த்துக் கழியில் இரண்டு இடத்தில் ட்யூப் நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். தண்டை வளைவுக்குள் மாட்டி, உங்கள் பக்கமாக மெல்ல இழுத்தால் போதும். வேலை முடிந்ததும் பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பில் உறையாக மாட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தார்ப்பாய் விரித்து அமைத்த குளத்துக்கு இந்தக் கருவி வேண்டாம். ஒரு கீறல் பட்டால் குளமே ஒழுகிவிடும். அங்கே முனை மழுங்கிய கத்தரிக்கோல்தான் சரி.

எங்கே வெட்டுவது என்பதில் அல்லிக்கும் தாமரைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அல்லியின் இலை தண்ணீரில் படுத்து மிதக்கும், ஒரு பக்கம் பிளவு இருக்கும். பழுத்த அல்லி இலையைத் தண்டோடு, கிழங்குக்கு முடிந்தவரை பக்கத்தில் அறுத்துவிட வேண்டும். மீதி விட்டால் உள்ளேயே அழுகும்.

தாமரை அப்படியில்லை. அதன் தண்டுக்குள் நீளவாக்கில் காற்றுக் குழல்கள் ஓடுகின்றன. சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்கு அதன் வழியாகத்தான் காற்று போகிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்டினால் குழலுக்குள் தண்ணீர் இறங்கி, கிழங்கு அழுக வழியாகும். அதனால் தாமரை இலை முழுவதும் காய்ந்த பிறகு, தண்ணீருக்கு மேலே நான்கு விரல்கடை தண்டை விட்டு வெட்டுங்கள். பச்சை இலையைத் தொட வேண்டாம். தாமரைத் தண்டில் சின்னச் சின்ன முள்ளும் உண்டு, நீளக் கைப்பிடி அதற்கும் நல்லது.

6. உரக் குழாய்

நீர்ச்செடிக்கு உரம் வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உரம் தண்ணீரில் கரைந்தால் செடிக்குப் போவதற்கு முன்பு பாசிக்குப் போய்விடும். சேற்றுக்குள், வேர் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

ஒரு இன்ச் பைப்பை மூன்றடிக்கு வெட்டி, ஒரு முனையை மட்டும் சாய்வாக அறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தளர்வாக நுழையும் மூங்கில் குச்சி ஒன்று, பைப்பைவிட அரையடி நீளமாக வேண்டும். களிமண்ணைப் பிசைந்து, நடுவில் அரை டீஸ்பூன் டிஏபி உரத்தை வைத்து மூடி, விரல் தடிமனில் கொழுக்கட்டை மாதிரி உருட்டுங்கள். பைப்பின் உள்வாயைவிட ஒல்லியாக இருக்க வேண்டும். நிழலில் ஒரு நாள் உலர்த்தினால் பைப்பில் ஒட்டாது.

குச்சியை உள்ளே முழுசாக விட்டபடியே பைப்பைத் தொட்டியின் ஓரமாகச் சேற்றில் மூன்று அங்குலம் இறக்குங்கள். குச்சி உள்ளே இருந்தால் பைப்பில் சேறு ஏறாது. இப்போது குச்சியை உருவி, உருண்டையைப் போட்டு, மறுபடி குச்சியால் அழுத்திக்கொண்டே பைப்பை மேலே தூக்குங்கள். உருண்டை மண்ணுக்குள் தங்கிவிடும். குழியைக் குச்சி நுனியால் மூடுங்கள்.

ஓர் அடி அகலத் தொட்டிக்கு மாதம் ஓர் உருண்டை போதும். வளரும் குருத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், கருகிவிடும். புதிதாக நட்ட தாமரைக்கு, தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும் இலைகள் நாலைந்து வந்த பிறகு உரம் தொடங்கலாம்.

7. சேறு இழுக்கும் குழாய்

மாடியில் வைத்திருக்கும் தொட்டிகளுக்கு மோட்டார் தேவையில்லை. முக்கால் இன்ச் தோட்டக் குழாயின் ஒரு முனையில், அடிப்பாகத்தை வெட்டி நீக்கிய தண்ணீர் பாட்டிலின் கழுத்தை இறுக்கி மாட்டுங்கள். அகன்ற வாயில் கொசுவலையைக் கட்டிவிட்டால் மீன் குஞ்சு உள்ளே போகாது. இந்த முனையைக் கழியில் கட்டி அடிமட்டத்துக்கு இறக்குங்கள்.

குழாயை முதலில் பைப்பில் பிடித்துத் தண்ணீரால் நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்துக்கொண்டு வந்து, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறுமுனையைத் தொட்டியின் அடியைவிடத் தாழ்வாகவும் பிடித்துத் திறந்தால் தானாக ஓடும். வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். எலி வந்து போகும் மாடியில், தேங்கிய தண்ணீர் மூலம் எலிக்காய்ச்சல் பரவும். கையில் வெட்டுக்காயம் இருந்தாலும் இந்தத் தண்ணீரில் நனைக்கக் கூடாது.

ஒரே தடவையில் கால்வாசித் தண்ணீருக்கு மேல் எடுக்க வேண்டாம். வெளியே வரும் கறுப்புத் தண்ணீர் செம்பருத்திக்கும் தக்காளிக்கும் அருமையான உரம். திரும்ப நிரப்பும்போது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராக இருந்தால், வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

தரையில் வெட்டிய குளத்தில் தாழ்வான இடம் இல்லாததால் இந்த முறை உதவாது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைச் சாய்வாக வெட்டி, கழியில் கட்டினால் சேறு அள்ளும் முறம் தயார்.

8. தொட்டிக்கு ஓர் உறி

நம் பாட்டிமார் சமையலறையில் வெண்ணெய்ப் பானையைத் தொங்கவிட்ட உறி ஞாபகம் இருக்கிறதா? அதேதான். குளத்துக்குள் இறக்கி வைக்கும் செடித் தொட்டிகளைத் திரும்ப எடுக்க இதைவிட நல்ல யோசனை கிடையாது.

நைலான் கயிறுகள் இரண்டைக் குறுக்காகப் போட்டு, நடுவில் முடிந்து, அந்த முடிச்சின் மேல் தொட்டியை உட்காரவையுங்கள். நான்கு நுனிகளையும் மேலே சேர்த்துக் கட்டி ஒரு வளையம் விடுங்கள். கயிறு விளிம்பிலிருந்து நழுவாமலிருக்க, தொட்டியின் கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டி நான்கையும் அதில் பிணைத்துவிடுங்கள். வளையத்தில் சிறிய பிளாஸ்டிக் பந்தோ, மூடி இறுக்கிய காலி மருந்து பாட்டிலோ கட்டினால் அது மேலே மிதந்து இடத்தைக் காட்டும். கழி நுனியில் திருகிய கொக்கியை மாட்டி ஓரத்துக்கு இழுக்கலாம்.

இழுப்பதுதான் கழியின் வேலை, தூக்குவது மனிதர்களின் வேலை. தண்ணீருக்குள் இருக்கும்வரை தொட்டி லேசாகத் தெரியும். வெளியே வந்ததும் உண்மையான எடை காட்டும். ஓர் அடி அகலம், அரையடி ஆழமுள்ள தொட்டியில் ஈரக் களிமண் நிறைந்திருந்தால் 20 கிலோவை நெருங்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். முதுகு, தாமரையைவிட முக்கியம்.

ரசாயனம் வேண்டாம், வளையம் போதும்

அல்லி இலையில் கறுப்பாக அசுவினி அப்பினால் பூச்சிமருந்து அடிக்கத் தோன்றும். மீன் இருக்கும் தண்ணீரில் அது கூடாது. தடிமனான கம்பியை வளையமாக்கிக் கொசுவலை தைத்து, இலைகளின் மேல் கவிழ்த்து, ஓரத்தில் இரண்டு கூழாங்கல் வைத்து ஒரு மணி நேரம் முழுகவிடுங்கள். இலையை விட்டு நழுவும் அசுவினியை மீன்கள் தின்றுவிடும். வாரம் இரண்டு தடவை செய்தால் கட்டுக்குள் வரும்.

மிதக்கும் செடிகளுக்கு வேறொரு வளையம். ஐந்தடி தோட்டக் குழாயை வட்டமாக வளைத்து, இரண்டு முனையையும் ஒரு மரத்துண்டால் இணைத்து, தண்ணீர் புகாமல் எம்-சீல் பூசிவிடுங்கள். உள்ளே காற்று இருப்பதால் மிதக்கும். அசோலாவை இதற்குள் விட்டால் அல்லிக்கு வெயில் கிடைக்கும். தாமரைக்கும் அல்லிக்கும் நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

ஆகாயத்தாமரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி நம் ஏரிகளையும் வாய்க்கால்களையும் எப்படி மூடியிருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிறோம். மிச்சமானதை எந்த நீர்நிலையிலும் வீசாமல், சிமென்ட் தரையில் முழுவதும் காயவைத்து, பிறகு உரக்குழியில் போடுங்கள். ஒரு குளத்தில் பயன்படுத்திய வலையை இன்னொரு குளத்தில் விடும் முன்பும் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

குளத்தில் சின்ன மோட்டாரோ, நீரூற்றோ இருந்தால், எந்தக் கருவியையும் உள்ளே விடும் முன்பு பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அந்த இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, குழந்தைகள். தவழும், தத்தித் தத்தி நடக்கும் வயதில் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. தலை கனமாக இருப்பதால் எட்டிப் பார்க்கும் குழந்தை குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சத்தமும் போடாது. அந்த வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில், இரும்பு வெல்டு மெஷ் கொண்டு இரண்டு பாதியாக மூடி செய்து, தண்டுகள் நசுங்காமல் நடுவில் சேரும்படி வைத்து, தொட்டியின் விளிம்போடு கட்டிவிடுங்கள். செய்து முடித்ததும் உங்கள் இரண்டு கைகளையும் அதன் மேல் ஊன்றி முழு பலத்தோடு அழுத்திப் பாருங்கள். வளைந்தால் அதை நம்பாதீர்கள். அப்படி மூட முடியாத குளம் என்றால், குழந்தை வளரும்வரை தண்ணீரை வடித்துவிட்டு மண் நிரப்பி வேறு செடி வைப்பதே நல்லது. மூடி இருந்தாலும் பெரியவர் கண்பார்வை கட்டாயம்.

ஞாயிறு காலை, பதினைந்து நிமிடம்

கருவிகள் தயாரானதும் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் வெள்ளை அகப்பையால் சோதனை. அடுத்து விளிம்பைத் தேய்ப்பது. பிறகு வலையால் மிதக்கும் குப்பையை அள்ளி, பாசியைச் சுருட்டி, பழுத்த இலையை அறுப்பது. கடைசியாக, வற்றிய அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவது. சேறு இழுப்பதும் உரம் வைப்பதும் மாதம் ஒரு முறை. தொட்டியைத் தூக்கி, கிழங்கைப் பிரித்து நடுவது ஆண்டுக்கு ஒரு முறை.

கருவிகளை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். தொட்டிக்குப் பக்கத்துச் சுவரிலேயே நான்கு ஆணி அடித்து மாட்டிவையுங்கள். அரிவாளுக்கு மட்டும் உயரமான ஆணி. பரணில் வைத்தால் எடுக்க மாட்டோம். கண்ணெதிரே தொங்கினால், காபி டம்ளரோடு மாடிக்குப் போகும்போது கை தானாக வலையை எடுக்கும். 'எடுத்துக் கொட்டு' என்று சொன்னவரே ஒருநாள் முதல் மொட்டைப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார்.

இந்த வாரம் எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை என்றால், அந்த வெள்ளை அகப்பையை மட்டுமாவது செய்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

அடுத்த வாரம்: கத்தரி, வெண்டை விதைகளை மழையில் அழுகாமல் முளைக்க வைப்பது எப்படி?